பாலங்களின் கீழே ஒரு பகற்பொழுது

பினாங்குப் பாலத்தின் மீது நாம் எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். பேருந்தின் சாளரத்தருகே இடம் பிடிக்கப் போட்டியிட்டு, கடலில் கப்பல் ஒன்று தென்பட்டதும் கூவி மகிழ்ந்திருக்கிறோம். ஆனால், அதே பாலத்தைக் கீழிருந்து அண்ணாந்து நோக்கியவர் நம்முள் எத்தனை பேர்? பாலத்தின் மேலே செல்பவருக்குக் கடல் ஒரு காட்சி மட்டுமே. பாலத்தின் கீழே செல்பவருக்கோ அது சாலை. அச்சாலைக்கும் விதிகள் உண்டு, குறிகள் உண்டு, மேடுபள்ளங்களும் உண்டு. அவற்றை அறியாமற் போனால் நேர்வது என்ன என்பதையும் நாங்கள் அன்று கண்டுகொண்டோம்.

நம் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் தூண்டில் மீன்பிடிப்பில் ஆர்வம் மிக்கவர். இருபத்தெட்டு அடி நீளமுள்ள படகொன்றைச் சொந்தமாக வைத்திருக்கிறார். சென்ற பள்ளி விடுமுறையில் ஆசிரியர் மூவரையும் ஆறாம் ஆண்டு மாணவர் இருவரையும் அவர்தம் தந்தையரையும் அதில் ஏற்றிக்கொண்டு, பினாங்கு நீரிணையின் வடவாயிலிலிருந்து தென்கோடிவரை அழைத்துச் சென்றார். அவரையும் சேர்த்து நாங்கள் எண்மர். அன்று கண்டதையும் கேட்டதையும் மாணவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் நீரிணையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். இரு நிலப்பகுதிகளுக்கு இடையே அமைந்து, இரு கடற்பரப்புகளை இணைக்கும் ஒடுங்கிய நீர்வழியே நீரிணை எனப்படும். மேற்கே பினாங்குத் தீவு. கிழக்கே செபராங் பிறை. ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே நீர்வழி மிகவும் ஒடுங்கி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலமே கொண்டுள்ளது; தெற்கே செல்லச் செல்ல விரிகிறது. இருபுறமும் நிற்பவை இன்று மாநகரங்கள். செபராங் பிறை 2019-ஆம் ஆண்டில் மாநகரத் தகுதி பெற்றது. பிறை ஆறு, ஜூரு ஆறு, தீவுப்பக்கத்துப் பினாங்கு ஆறு ஆகியவை சுமந்துவரும் சேறு இந்நீரிணையில்தான் படிகின்றது. ஆகவே, மேலே விரிந்த கடலாகத் தோன்றினாலும், பல இடங்களில் இடுப்பளவு நீரே உண்டு. இதை மறவாதீர்கள், பின்னர் இதே செய்தி எங்களைத் தேடி வரப் போகிறது.

காலை ஏழேகால் மணிக்குத் தஞ்சோங் தோக்கோங் பகுதியிலுள்ள படகுத்துறையிலிருந்து புறப்பட்டோம். புறப்படுமுன் நம் படகோட்டி அனைவருக்கும் மிதவைச் சட்டை அணிவித்தார். தந்தையருள் ஒருவர், "எனக்கு நீச்சல் தெரியுமே" என்றார். "தெரியட்டும் அண்ணே, சட்டையும் இருக்கட்டும்" என்று கூறி, அவருடைய வாரையும் தம் கையாலேயே இறுக்கிக் கட்டினார். மாணவர் இருவரும் அதைக் கண்டு நகைத்தனர்.

சிறிது தொலைவு சென்றதும் சிவப்பும் பச்சையுமாக மிதவைகள் தோன்றின. இவையே கடற்சாலையின் ஓரக்கற்கள். மலேசியாவில் பின்பற்றப்படும் முறைப்படி, கடலிலிருந்து துறைமுகத்தை நோக்கி வரும் கப்பலுக்குச் சிவப்பு மிதவை இடப்பக்கமும் பச்சை மிதவை வலப்பக்கமும் இருத்தல் வேண்டும். சிவப்பு மிதவை தகரக் குவளைபோல் தட்டையான தலையுடையது. பச்சை மிதவை கூம்பு வடிவினது. மங்கலான ஒளியில் நிறம் தெரியாவிடினும் வடிவம் தெரியும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பெருங்கப்பல்கள் ஆழமான வடவாயில் வழியாகவே துறைமுகத்தை அடைகின்றன. எங்களுடையதைப் போன்ற சிறுபடகுகள் அவற்றின் பாதையில் குறுக்கிடாமல் ஓரமாகச் செல்வதே முறை. பெருங்கப்பல் நினைத்த மாத்திரத்தில் நிற்கவோ திரும்பவோ இயலாது. ஆதலின், சட்டம் எப்படியிருப்பினும் ஒதுங்க வேண்டியவர் நாமே என்றார் படகோட்டி.

வலப்புறத்தே கார்ன்வாலிஸ் கோட்டை தெரிந்தது. 1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய இடம் இதுவே. கோட்டையின் மூலையில் இரும்புச் சட்டங்களால் ஆன கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கின்றது. 1882-இல் அமைக்கப்பட்ட இது 21 மீட்டர் உயரமுடையது. கற்கோபுரமாக இல்லாமல் கப்பலின் பாய்மரம்போல் தோற்றமளிப்பதே இதன் தனிச்சிறப்பு. அதையடுத்து மணிக்கூண்டு. விக்டோரியா அரசியார் அறுபது ஆண்டுகள் ஆட்சி புரிந்ததன் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடியென 60 அடி உயரத்தில் எழுப்பப்பட்டது. சற்றே சாய்ந்திருக்கும் இதன் நிலைக்கு இரண்டாம் உலகப் போரில் வீழ்ந்த குண்டுகளே காரணம் என்பர்.

இன்னொரு மணிக்கூட்டுக் கோபுரமும் கரையோரத்தில் உண்டு. அதுவே பழைய மலாயா இரயில்வே கட்டடம். தண்டவாளமே இல்லாத இரயில் நிலையம் என்று அதனைக் கூறுவர். தீவில் இரயில் ஏது? பயணிகள் இங்கே சீட்டு வாங்கிக்கொண்டு, நீரிணையைக் கடந்து அக்கரையில் இரயில் ஏறினர். தற்போது அது சுங்கத் துறையின் அலுவலகமாக விளங்குகின்றது.

இவ்விடத்தில் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. சூழ்ச்சித் திறன் மிக்கவரை "அவன் பெரிய எம்டன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அச்சொல் ஒரு கப்பலின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. முதல் உலகப் போரின்போது, 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசிவிட்டு மறைந்தது. அன்று முதல் தமிழில் எம்டன் என்பது ஒரு வசைச்சொல்லாகவும் வியப்புச் சொல்லாகவும் நிலைத்துவிட்டது. அதே எம்டன், ஐந்து வாரங்களுக்குப் பின்னர், அக்டோபர் 28-ஆம் நாள் விடியற்காலையில், நாங்கள் வந்த இதே வடபுறத்திலிருந்து பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்தது. அதற்குப் புகைபோக்கிகள் மூன்று. நான்காவதாகப் போலிப் புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, தன்னை ஆங்கிலேயக் கப்பல்போல் காட்டிக்கொண்டது. துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்னும் இரஷ்யப் போர்க்கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. இரஷ்ய மாலுமிகள் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெளியேறும் வழியில் மூஸ்கே என்னும் பிரெஞ்சுக் கப்பலையும் அழித்தது. இரண்டு வாரங்கள் கழியுமுன் எம்டனும் கொக்கோஸ் தீவுகளருகே அழிந்துபோயிற்று.

இக்கதையைக் கேட்ட மாணவருள் ஒருவர் படகின் விளிம்பைப் பற்றியவாறு நீரையே உற்று நோக்கினார். "அந்தக் கப்பல் இன்னும் கீழே இருக்கிறதா, ஐயா?" என்று வினவினார். அதன் பாகங்களைப் பிற்காலத்தில் மீட்டெடுத்துவிட்டனர் என்றோம். அவருக்கு அதில் ஏமாற்றமே!

அடுத்து, நீரிணையின் குறுக்கே ஃபெரி எங்களைக் கடந்து சென்றது. 1925-ஆம் ஆண்டு முதல் இங்கே வண்டிகளும் ஃபெரியில் அக்கரை சேர்ந்தன. நம் தலைமுறையினர் நன்கறிந்த ஈரடுக்கு ஃபெரிகள் 2020-ஆம் ஆண்டின் இறுதி நாளோடு ஓய்வு பெற்றன. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு முதல் தெலுக் பஹாங், தெலுக் டூயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார் என்னும் புதிய ஃபெரிகள் ஓடுகின்றன. இவை நடந்து செல்வோரையும் மோட்டார் சைக்கிள்களையும் மிதிவண்டிகளையும் மட்டுமே ஏற்றும், கார்களை ஏற்றுவதில்லை. பழைய ஃபெரியின் மேல்தளத்தில் காற்று வாங்கி நின்ற இன்பம் புதியவற்றில் இல்லை என்பது எங்கள் கருத்து. ஆயினும், அக்காலத்தை எண்ணும்போது துயரமும் உடன் வருகின்றது. 1988-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், பட்டர்வொர்த் ஃபெரித் துறையின் நடைமேடை கூட்ட நெரிசல் தாங்காமல் இடிந்து வீழ்ந்ததில் 32 பேர் உயிரிழந்தனர். ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். எங்களுடன் வந்த தந்தையருள் ஒருவர் அன்று சிறுவர். உறவினர் ஒருவரைத் தேடித் தம் தாயாருடன் மருத்துவமனைக்கு ஓடியதை அவர் கூறியபோது படகில் யாரும் பேசவில்லை.

வெல்ட் கீ கரையில், நீரில் நாட்டிய கால்களின் மேல் வரிசை வரிசையாகப் பலகை வீடுகள் தெரிந்தன. சீனர்கள் குலவாரியாகக் கூடி வாழும் படகுத்துறைக் குடியிருப்புகள் இவை. சாலையிலிருந்து பார்க்கையில் இவற்றின் முகப்பே தெரியும். கடலிலிருந்து பார்க்கையிலோ ஓதம் ஏறும்போது நீர் எதுவரை உயரும் என்பதை அக்கால்களில் ஒட்டியுள்ள சிப்பிகளின் கோடே காட்டிவிடுகிறது.

அந்தக் கோட்டைக் கண்டதும் எங்கள் பேச்சு ஓதத்தின் பக்கம் திரும்பிற்று. நிலவின் ஈர்ப்பாலும், ஓரளவு கதிரவனின் ஈர்ப்பாலும் கடல்நீர் உயர்ந்து தாழ்கின்றது. பினாங்கில் நாளொன்றுக்கு இருமுறை ஏற்றமும் இருமுறை வற்றமும் நிகழ்கின்றன. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். எனவே ஏற்றத்திலிருந்து வற்றத்திற்கு ஆறு மணி நேரம் என்று கொள்ளலாம். ஆனால், அந்த ஆறு மணி நேரமும் நீர் ஒரே சீராக இறங்குவதில்லை. முதலில் மெல்ல, நடுவில் விரைவாக, முடிவில் மீண்டும் மெல்ல இறங்கும். இதை நினைவிற் கொள்ளக் கடலோடிகள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் மணியில் மூன்று, நான்காம் மணியில் மூன்று, ஐந்தாம் மணியில் இரண்டு, ஆறாம் மணியில் ஒன்று.

அன்று ஏற்றம் காலை 5 மணிக்கு. வற்றம் 11 மணிக்கு. மொத்த இறக்கம் 120 சென்டிமீட்டர். ஆகவே ஒரு பங்கு 10 சென்டிமீட்டர். 9 மணிக்குள் நீர் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று மாணவர்களைக் கேட்டோம். பத்து, இருபது, முப்பது, முப்பது என்று விரல் விட்டு எண்ணி, "90 சென்டிமீட்டர்!" என்றனர் இருவரும். எங்களுக்குப் பெருமை பொங்கியது. ஆனால், கணக்குச் சொல்லிக்கொடுத்த நாங்களே அதனைப் பின்பற்றவில்லை என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜெலுத்தோங், குளுகோர் கரைக்கு அப்பால், முதற்பாலத்திற்கு வடக்கே, நீருக்கடியில் ஒரு மேடு உள்ளது. மிடல் பேங்க் என்பது அதன் பெயர். அங்கே கடற்புல் வளர்ந்திருக்கின்றது. கடற்புல் என்பது பாசியன்று. வேரும் இலையும் பூவும் உடைய உண்மையான தாவரம். மீன்குஞ்சுகளும் நண்டுகளும் இறால்களும் ஒளிந்து வளரும் தொட்டில் அது. அதனை மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எங்களுக்கு ஆவல் மிகுந்தது.

"தம்பி, இன்னும் சற்று அருகே போகலாமா?" என்றோம்.

"நீர் வற்றுகிறது, ஐயா. இவ்விடத்திலிருந்தே பார்ப்பது நல்லது" என்றார் அவர்.

"ஐந்து நிமிடம் போதும்" என்றோம் நாங்கள். ஆசிரியர் கேட்டால் மறுக்கத் தெரியாத முன்னாள் மாணவர் அவர். எஞ்சினின் வேகத்தைக் குறைத்துப் படகை மேட்டின் ஓரமாகச் செலுத்தினார். சிறிது நேரத்தில் படகின் அடியில் மெத்தென்று ஏதோ தட்டியது. எஞ்சின் கலக்கிய நீர் காப்பி நிறமாக மாறிற்று. அவர் உடனே எஞ்சினை நிறுத்தி மேலே தூக்கினார். நீளமான கழியை ஊன்றித் தள்ளினார். கழி சேற்றில் புதைந்ததேயன்றிப் படகு அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்தோம். மணி ஒன்பது.

பயணிகளுள் ஒருவர் இறங்கித் தள்ளலாம் என்று காலைத் தூக்கினார். படகோட்டி அவரைத் தடுத்தார். நீரிணையின் சேறு முழங்காலோடு நிற்பதன்று. இடுப்புவரை இழுக்கும் இடங்கள் உண்டு. மேலும் சிப்பி ஓடுகள் காலைக் கிழித்துவிடும். படகு சிக்கினால் படகிலேயே இருத்தல் வேண்டும் என்பது முதல் விதியாம்.

அவ்வேளையில் மலாய் மீனவர் ஒருவர் தம் சம்பானில் வலைகளுடன் அவ்வழியே வந்தார். எங்கள் நிலை அவருக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. நாங்கள் ஆசிரியர்கள் என்று தெரிந்ததும் புன்னகைத்தார். "துங்கு ஆயெர் பாசாங், சிக்கு" என்றார். 'நீர் ஏறும்வரை காத்திருங்கள், ஆசிரியரே' என்பது பொருள். பிறகு எங்கள் நங்கூரத்தை வாங்கித் தம் சம்பானில் வைத்துக்கொண்டு, ஆழமான பக்கம் கொண்டுபோய் இறக்கினார். கயிற்றின் மறுமுனை எங்கள் படகில் கட்டப்பட்டிருந்தது. நீர் ஏறத் தொடங்கும்போது அலையும் காற்றும் படகை இன்னும் மேட்டின் மேலே தள்ளிவிடக்கூடும். ஆழத்தில் நங்கூரம் இருந்தால், மிதந்தவுடன் கயிற்றைப் பற்றி இழுத்துப் படகை வெளியே கொண்டுவந்துவிடலாம். எத்தனை எளிய அறிவு! பட்டம் பெற்ற எங்கள் மூவருக்கும் அது தோன்றவில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 9 மணிக்கு மேல் வற்றம் முடிய இன்னும் 20-உம் 10-உம் ஆக 30 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரம். பிறகு அதே 30 சென்டிமீட்டர் ஏற வேண்டும். ஏற்றத்திலும் முதல் மணிக்கு ஒரு பங்கு, இரண்டாம் மணிக்கு இரண்டு பங்கு. ஆக மேலும் இரண்டு மணி நேரம். எனவே பிற்பகல் 1 மணிக்குத்தான் படகு மிதக்கும். நான்கு மணி நேரம்! "ஐந்து நிமிடம்" என்று நாங்கள் சொன்னதை மாணவர்கள் எங்களுக்கு நினைவூட்டாதிருந்தது அவர்களுடைய பண்பு.

பதினொரு மணியளவில் படகைச் சுற்றிக் கணுக்கால் அளவு நீரே எஞ்சியது. நாங்கள் காண விரும்பிய கடற்புல் இப்போது எங்களைச் சுற்றிப் பச்சைக் கம்பளமாகக் கிடந்தது. துறவி நண்டு ஒன்று தன் ஓட்டைச் சுமந்துகொண்டு ஊர்ந்தது. கொக்குகள் அச்சமின்றி நடைபோட்டன. வெயில் கடுமையாகத் தாக்கியது. கொண்டுவந்த நீரைப் படகோட்டி அளந்து அளந்து கொடுத்தார். மாணவருள் ஒருவருக்குத் தலைவலி கண்டது. துண்டை நனைத்துத் தலையில் போர்த்தி நிழலில் படுக்க வைத்தோம். அப்போது எங்கள் மனம் பட்ட பாட்டை எங்களால் எழுத்தில் தர இயலவில்லை. பிறர் பெற்ற பிள்ளைகளை அழைத்து வந்த பொறுப்பு எங்களுடையது அன்றோ!

ஒரு மணிக்குச் சில நிமிடம் இருக்கையில் படகு மெல்ல ஆடியது. கயிற்றைப் பிடித்து இழுத்தோம். வழுக்கிக்கொண்டு ஆழத்தில் இறங்கியது படகு. கைத்தட்டல் கேட்டுக் கொக்குகள் பறந்தன. தலைவலி கண்ட மாணவரும் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார்.

இப்போது முதற்பாலம் எதிரே நின்றது. 1985-ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட இதன் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். அதில் 8.4 கிலோமீட்டர் கடலின் மேல் உள்ளது. பெரும்பகுதியில் தூணுக்குத் தூண் 40 மீட்டர் இடைவெளி. நடுவில் மட்டும் உயர்ந்த கோபுரங்களிலிருந்து இழுத்துக் கட்டிய இரும்பு வடங்கள் பாலத்தைத் தாங்குகின்றன. அங்கே கோபுரத்துக்குக் கோபுரம் இடைவெளி 225 மீட்டர். நீர்மட்டத்திலிருந்து பாலத்தின் அடிப்பாகம்வரை 33 மீட்டர் உயரம்.

எங்கள் படகின் உயரம் மூன்று மீட்டர்கூட இல்லை. எந்த இடைவெளியிலும் நுழைந்துவிடலாமே, நடுவழியையே ஏன் நாட வேண்டும் என்று மாணவர் கேட்டார். நல்ல வினா. தூண்களை ஒட்டி நீரோட்டம் பிளந்து சுழிக்கும். எஞ்சின் நின்றுபோனால் நொடியில் படகைத் தூணில் மோதிவிடும். தூண்களைச் சுற்றி வலைகளும் தூண்டிற்கயிறுகளும் சிக்கிக் கிடக்கும். கரைப்பக்கத்து இடைவெளிகளில் ஆழமும் குறைவு. அன்றைக்கு ஆழத்தைப் பற்றி எவரும் எங்களுக்கு விரித்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

நடுவழியில் நுழைந்தோம். வெயில் சட்டென்று மறைந்தது. மேலே வண்டிகள் ஓடும் ஓசை இடைவிடாத முழக்கமாகக் கேட்டது. ஒவ்வொரு வண்டியும் பாலத்தின் இணைப்பைக் கடக்கும்போது 'டடக், டடக்' என்றது. அந்த இணைப்புகள் குறைபாடுகள் அல்ல. வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளிகள். வெப்பத்தால் கற்காரை விரியும். 100 மீட்டர் நீளமுள்ள கற்காரை, வெப்பம் 20 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளும். இடம் விடாவிடில் பாலம் தன்னைத்தானே நெருக்கி வெடித்துவிடும்.

பாலத்தைக் கடந்ததும் ஜெரெஜாக் தீவு. பசுமை போர்த்த, அமைதியான தீவு. அதன் வரலாறோ அமைதியானதன்று. 1868-ஆம் ஆண்டில் தொழுநோயாளருக்கென இங்கே இடம் ஒதுக்கப்பட்டது. பின்னர், கப்பலில் வந்திறங்கும் குடியேறிகளை நோய்க்காகத் தடுத்து வைக்கும் முகாம் அமைந்தது. காசநோய் மருத்துவமனையும் இருந்தது. 1969 முதல் 1993 வரை சிறைத்தீவாக விளங்கிற்று. ஜெம்சுக் கப்பலின் மாலுமிகள் சிலருடைய கல்லறையும் இத்தீவில் உண்டு.

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த நம் முன்னோருள் பலர் இம்மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்தது ஜார்ஜ் டவுனில் அன்று, இந்தத் தீவில்தான். கப்பலில் ஒருவருக்கு அம்மையோ வாந்திபேதியோ கண்டால் அனைவரும் இங்கே இறக்கப்பட்டனர். அக்கரையில் ஊர் விளக்குகள் தெரியும், போக முடியாது.

எங்களுடன் வந்த மூத்த ஆசிரியையின் பாட்டியார், 1920-களில் எட்டு வயதுச் சிறுமியாகப் பெற்றோருடன் வந்தவர். கைக்குழந்தையாக இருந்த தம்பியும் உடன் வந்தான். முகாமிலிருந்து வெளியேறியபோது தம்பி இல்லை. எங்கே புதைத்தார்கள் என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பாட்டியார் தம் முதுமையில்கூட ஃபெரியில் ஏறினால் தெற்குப் பக்கம் திரும்பமாட்டாராம். இதனை ஆசிரியை எங்களிடம் முன்னரே கூறியிருந்தார். காலையில் அவர் கொண்டுவந்திருந்த மல்லிகைச் சரம் அந்நான்கு மணி வெயிலில் வாடிப்போயிருந்தது. படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். ஆசிரியை சரத்தை நீரில் விட்டார். அது சிறிது நேரம் படகை ஒட்டியே மிதந்தது. பின்னர் நீரோட்டத்தில் விலகிச் சென்றது. மாணவர் இருவரும் தாமாகவே எழுந்து நின்றனர்.

ஜெரெஜாக்கின் மேற்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் கட்டடங்கள் நெடுகத் தெரிந்தன. 1972-ஆம் ஆண்டில் தொடங்கிய இத்தொழிற்பேட்டை, நம் தோட்டப்புறத்துப் பெண்கள் பலருக்குப் பால்மரத்தை விட்டு வேறு வேலையைத் தந்தது.

நீரிணை இப்போது மிகவும் அகன்றுவிட்டது. கிழக்கே பத்து காவான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் மக்கள் கொண்டுவரப்பட்டனர்; பத்து காவானும் அத்தகைய ஊர்களுள் ஒன்று. அங்கிருந்து தீவின் பத்து மாவுங் வரை வளைந்து வளைந்து வருகின்றது சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்ஸாம் ஷா பாலம். 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் திறக்கப்பட்டது. மொத்த நீளம் 24 கிலோமீட்டர். கடலின் மேல் 16.9 கிலோமீட்டர். முதற்பாலத்தைப் போலவே இதற்கும் நடுவில் வடங்கள் தாங்கும் அகன்ற வழி உண்டு. நேர்கோடாக அமைக்காமல் வளைத்திருப்பது, வண்டியோட்டுவோர் சோர்வடையாதிருக்க என்பர். இதனை அமைக்கும்போது, 2013-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், பத்து மாவுங் அருகே ஏறுபாதையொன்று சரிந்து ஓர் உயிர் பலியானதையும் நாம் மறந்துவிடலாகாது.

இப்பாலத்தில் எங்கள் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது, மேலிருந்து பார்ப்போர் காணமுடியாத ஒன்று. தூணின் தலைக்கும் பாலத்தின் அடிக்கும் இடையே கறுப்பு நிறத்தில் தடித்த பட்டைபோல் தெரிகின்றதே, அதுதான் இரப்பர்த் தாங்கி. இயற்கை இரப்பரையும் எஃகுத் தகடுகளையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. எஃகுத் தகடுகள் பாலத்தின் எடையால் இரப்பர் பிதுங்கிவிடாமல் காக்கின்றன. இரப்பர் பக்கவாட்டில் நெகிழ்ந்து கொடுக்கின்றது. நிலம் நடுங்கினால் தூண் ஆடும். அந்த ஆட்டத்தை இரப்பர் விழுங்கிக்கொள்ளும். மேலேயுள்ள பாலம் குறைவாகவே அசையும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சுமத்ராவில் எழுந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் பினாங்குக் கரையிலும் உயிர்களைப் பறித்தன. அதற்குப் பின் கட்டிய பாலத்தில் இத்தகைய ஏற்பாடு வேண்டியதே.

"இரப்பர் என்றால் நம் பால்மரத்து இரப்பரா?" என்று தந்தையருள் ஒருவர் கேட்டார். ஆம் என்றோம். தம் தாயார் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர் என்றார் அவர். பிறகு, பாலத்தைக் கடந்து வெளியே வரும்வரை அண்ணாந்தபடியே இருந்தார். கழுத்து வலித்திருக்கும்.

பாலத்திற்குத் தெற்கே கடலைத் தூர்த்துப் புதிய தீவு அமைக்கும் பணி 2023-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனால் தம் மீன்பிடிப்பு கெடும் என்று அப்பகுதி மீனவர்கள் எதிர்த்து வந்துள்ளனர். காலையில் நங்கூரத்தைச் சுமந்து சென்ற மீனவரின் நினைவு எங்களுக்கு அப்போது வந்தது. அவருடைய பெயரைக் கேட்க மறந்துவிட்டோம்.

மாலை நான்கு மணிக்குப் பத்து மாவுங் படகுத்துறையை அடைந்தோம். மாணவர் இருவரின் தாயாரும் அங்கே காத்திருந்தனர். தாமதத்தின் காரணத்தை நாங்கள் விளக்குமுன், மாணவர்களே முந்திக்கொண்டு பத்து, இருபது, முப்பது, முப்பது, இருபது, பத்து என்று தரையில் சுண்ணக்கல்லால் எழுதிக் காட்டத் தொடங்கினர். படகோட்டி வாளியில் நீர் மொண்டு, படகின் அடியில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். நாங்களும் ஆளுக்கொரு துணியை எடுத்துக்கொண்டு அவரருகே குனிந்தோம்.